அமெரிக்காவின் ஆரம்பகால ஆங்கிலேயக் குடியேறிகள் வரை வம்சாவளி தேடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் வாழும் நம் குடும்பங்களில் மருமகனோ மருமகளோ அந்த ஊர்க்காரராக இருப்பது இப்போது சாதாரணம். பேரப்பிள்ளைகள் குடும்ப வரலாறு எழுத உட்காரும்போது ஒரு பக்கம் தஞ்சாவூரோ யாழ்ப்பாணமோ வருகிறது. மறுபக்கம், "பாட்டியின் முன்னோர் மேஃப்ளவர் கப்பலில் வந்தவர்களாம்" என்று ஒரு வரி வருகிறது. அந்த ஒரு வரி உண்மைதானா என்று தேடிப் பார்க்க விரும்புகிறவர்களுக்காக, திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஆரம்பகாலக் குடியேறிகள் என்று யாரைச் சொல்கிறார்கள்?

பொதுவாக, 1607 முதல் 1640 வரை இங்கிலாந்திலிருந்து வட அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு வந்தவர்களை. 1607 மே மாதம் வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனில் நூற்றுச் சொச்சம் ஆண்களும் சிறுவர்களும் இறங்கினார்கள். 1620இல் மேஃப்ளவரில் 102 பேர் வந்து பிளிமத்தில் குடியேறினார்கள். 1630இல் ஜான் வின்த்ராப் தலைமையில் பதினொரு கப்பல்கள் மாசசூசெட்ஸ் வளைகுடாவுக்கு வந்தன. இதில் கடைசியாகச் சொன்ன அலைதான் பெரியது. 1640க்குள், மாசசூசெட்ஸ் உள்ளிட்ட வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்துக்கு ஏறக்குறைய 20,000 பேர் வந்து சேர்ந்துவிட்டார்கள். பிறகு இங்கிலாந்தில் அரசியல் நிலை மாறி உள்நாட்டுப் போரும் மூண்டதால் வரவு அநேகமாக நின்றுபோனது.

வந்தவர்களின் தன்மையும் இடத்துக்கு இடம் வேறு. நியூ இங்கிலாந்துக்குக் கணவன், மனைவி, பிள்ளைகள், சில சமயம் வேலையாட்கள் என்று குடும்பமாக வந்தார்கள். நிறையப் பிள்ளைகள் பெற்றார்கள், ஊர்ப் பதிவேடு வைத்தார்கள். வர்ஜீனியாவுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் கல்யாணமாகாத இளைஞர்கள், ஒப்பந்தக் கூலிகள். காய்ச்சலிலும் பட்டினியிலும் நிறையப் பேர் வாரிசு இல்லாமலே செத்துப்போனார்கள். 1609–10 குளிர்காலப் பஞ்சத்தில் மட்டும் சில நூறு பேர் இருந்த குடியிருப்பு அறுபது பேராகச் சுருங்கியது. அதனால் நியூ இங்கிலாந்துத் தேடலும் வர்ஜீனியாத் தேடலும் ஒரே மாதிரி நடக்காது.

கப்பல் பயணிகளின் பட்டியலை எடுத்து, நம் குடும்பப் பெயர் இருக்கிறதா என்று பார்த்தால் போதாதா?

போதாது. கெடுதலும் கூட. பட்டியலில் ஒரு ஹாப்கின்ஸ் இருக்கிறார், வீட்டில் ஒரு ஹாப்கின்ஸ் இருக்கிறார் என்றவுடன் மனம் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடும். அதற்குப் பிறகு எந்த ஆவணம் கிடைத்தாலும் அந்த முடிச்சுக்குத் தோதாகவே கண்ணுக்குத் தெரியும்.

இன்று உயிரோடு இருப்பவரிடமிருந்து தொடங்குங்கள். அவருடைய பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயர் இருக்கும். அந்தப் பெற்றோரின் திருமணப் பதிவு, இறப்புப் பதிவு, அதில் அவர்களுடைய பெற்றோர் பெயர், இப்படி ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போங்கள். ஒவ்வொரு படியிலும் ஒரே கேள்வி: இன்னாருடைய பிள்ளைதான் இன்னார் என்று எந்தக் காகிதம் சொல்கிறது? அந்தக் காகிதம் இல்லாமல் அடுத்த படிக்கு நகராதீர்கள்.

எத்தனை தலைமுறை போக வேண்டியிருக்கும்?

இன்றைய ஒரு குழந்தையிலிருந்து 1620 வரை சுமார் 12 முதல் 14 தலைமுறை. பன்னிரண்டாவது தலைமுறையில் ஒருவருக்கு 4,096 முன்னோர் இடங்கள் உண்டு (சொந்தத்துக்குள் கல்யாணம் நடந்திருந்தால் ஒரே ஆள் பல இடங்களில் வருவார்). நியூ இங்கிலாந்தில் வேர் உள்ள குடும்பத்தில் அந்த இடங்களில் ஒன்றிலாவது 1630களின் குடியேறி ஒருவர் இருப்பது ஆச்சரியமே இல்லை. இருப்பாரா என்பதைவிட, அவர் யார், அவரை எந்த ஆவணம் காட்டுகிறது என்பதில்தான் உழைப்பு இருக்கிறது.

தேடலில் மிகக் கடினமான பகுதி எது? 1600களா?

இதைத்தான் எல்லோரும் தவறாக நினைக்கிறார்கள். 1600களின் நியூ இங்கிலாந்தை அறிஞர்கள் நூறாண்டுக்கும் மேலாகச் சலித்து வைத்திருக்கிறார்கள். 1988இல் ராபர்ட் சார்ல்ஸ் ஆண்டர்சன் தொடங்கிய மாபெரும் இடப்பெயர்வு ஆய்வுத் திட்டம், 1620 முதல் 1635 வரை வந்தவர்களை ஒவ்வொருவராக எடுத்து, எந்த ஊரிலிருந்து வந்தார், யாரை மணந்தார், எத்தனை பிள்ளைகள், எது நிரூபணம், எது வெறும் ஊகம் என்று பிரித்துக் கொடுத்திருக்கிறது. உங்கள் கொடிவழி அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் மீதி வேலையை வேறொருவர் செய்து வைத்திருப்பார்.

உண்மையான இருட்டு 1780க்கும் 1850க்கும் நடுவில் இருக்கிறது. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1790இல் தொடங்கியது. ஆனால் 1840 வரை வீட்டுத் தலைவர் பெயர் மட்டும்தான் எழுதினார்கள். மனைவி, பிள்ளைகள் எல்லாம் வயது வாரியான கட்டங்களில் வெறும் எண்ணிக்கை. 1850இல்தான் வீட்டில் உள்ள (அடிமைகள் அல்லாத) எல்லோர் பெயரும் வந்தது. யார் யாருக்கு என்ன உறவு என்பது 1880இல்தான் வந்தது. 1890 கணக்கெடுப்பில் பெரும்பகுதி 1921இல் வாஷிங்டனில் நடந்த தீ விபத்தில் எரிந்தும் சேதமடைந்தும், பிறகு அழிந்தே போனது.

சரியாக அந்த இருட்டான காலத்தில்தான் மக்கள் ஊர் ஊராக நகர்ந்தார்கள். மாசசூசெட்ஸில் நிலம் போதாமல் வெர்மான்ட், அங்கிருந்து நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பகுதி, 1825இல் ஈரி கால்வாய் திறந்த பிறகு ஒஹாயோ, மிச்சிகன். புது ஊரில் பதிவேடு கிடையாது. பழைய ஊரில் ஆள் கிடையாது. ஒஹாயோவில் 1850 கணக்கெடுப்பில் "வயது 62, பிறந்த இடம் மாசசூசெட்ஸ்" என்று ஒருவர் நிற்பார். மாசசூசெட்ஸில் அதே பெயரில் அதே வயதில் மூன்று பேர் பிறந்திருப்பார்கள். மேஃப்ளவர் கதைகளில் பெரும்பாலானவை உடைந்துபோவது இந்த ஒரு மூட்டில்தான்.

அந்த மூட்டை எப்படிச் சேர்ப்பது?

ஒரே ஆவணத்தில் விடை கிடைக்காது, சுற்றியுள்ளவர்களையும் சேர்த்துத் தேட வேண்டும். அக்காலத்தில் யாரும் தனியாக இடம்பெயரவில்லை. அண்ணன் தம்பி, மைத்துனன், பக்கத்து வீட்டுக்காரர், அதே தேவாலயத்தார் என்று கூட்டமாகப் போனார்கள். உங்கள் ஆளைப் பற்றி எதுவும் இல்லாவிட்டாலும், அவர் நிலம் வாங்கியபோது சாட்சிக் கையெழுத்துப் போட்ட பக்கத்து வீட்டுக்காரர் எந்த ஊரிலிருந்து வந்தார் என்று தெரிந்தால் வழி திறக்கும். தந்தை இறந்த பிறகு, பழைய ஊரில் உள்ள பங்கை விற்க ஒஹாயோவிலிருந்து எழுதிக் கொடுத்த கிரயப் பத்திரம் ஒன்று கிடைத்தால் போதும். அதில் "காலஞ்சென்ற இன்னாரின் மகன்" என்று தெளிவாக எழுதியிருப்பார்கள்.

இந்தக் காலத்துக்கு எனக்கு மிகவும் பிடித்த ஆவணம், அமெரிக்க விடுதலைக்கான புரட்சிப் போரின் ஓய்வூதியக் கோப்பு. 1775–83 போரில் சண்டையிட்டவர்களுக்கு 1818, 1832 சட்டங்கள் ஓய்வூதியம் கொடுத்தன. 1836இலிருந்து விதவைகளுக்கும் கிடைத்தது. விதவை தன் திருமணத்தை நிரூபிக்க வேண்டும், கையில் சான்றிதழ் இருக்காது. அதனால் வீட்டு பைபிளில் பிறப்பு, இறப்பு எழுதி வைத்திருந்த தாளையே கிழித்து மனுவோடு அனுப்பிய பெண்கள் உண்டு. மங்கிய மையில், கணவன் பெயர், தன் பெயர், பிள்ளைகளின் பிறந்த தேதிகள், இடையில் இறந்துபோன குழந்தை, எல்லாம் அதில் இருக்கும். அந்தத் தாள்கள் இன்னமும் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, இணையத்தில் படமாகவும் பார்க்கலாம். ஆள் பிறந்த ஊர், பின்பு குடியிருந்த ஊர்கள் எல்லாவற்றையும் சிப்பாயே தன் வாக்குமூலத்தில் சொல்லியிருப்பார். அந்த இருட்டான எழுபது ஆண்டுகளைத் தாண்ட இதைவிட நல்ல பாலம் அரிது.

1600களில் என்னென்ன ஆவணங்கள் இருக்கின்றன?

நியூ இங்கிலாந்தில் நிறைய. மாசசூசெட்ஸ் 1639இலேயே பிறப்பு, திருமணம், இறப்பைப் பதிய உத்தரவிட்டது. ஊர் எழுத்தர் எழுதினார். எல்லா ஊரிலும் ஒழுங்காக நடந்தது என்று சொல்ல முடியாது, ஆனாலும் அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். 1850 வரையிலான பல ஊர்ப் பதிவேடுகளைப் பின்னாளில் அச்சிட்டு வெளியிட்டிருக்கிறார்கள். அங்கே குடியேறிய கடும் சீர்திருத்தக் கிறிஸ்தவர்களான பியூரிட்டன்களுக்குத் திருமணம் சமயச் சடங்கு இல்லை, நீதிபதி முன் நடக்கும் ஒப்பந்தம். ஆகவே தேவாலய ஏட்டில் திருமணத்தைத் தேடி ஏமாறாதீர்கள். ஞானஸ்நானமும் சபை உறுப்பினரின் பிள்ளைகளுக்குத்தான். தாயோ தந்தையோ தாமதமாகச் சபையில் சேர்ந்தால் நாலைந்து பிள்ளைகளுக்கு ஒரே நாளில் ஞானஸ்நானம் நடக்கும். அதைப் பிறந்த நாளாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அப்புறம் உயில், சொத்துப் பட்டியல், கிரயப் பத்திரம். உயிலில் மூத்த மகன் பெயர் இல்லையென்றால் அவர் இறந்துவிட்டார் என்று முடிவு கட்டாதீர்கள். தந்தை உயிரோடு இருக்கும்போதே நிலத்தைக் கொடுத்திருக்கலாம். அப்படியானால் அது கிரயப் பத்திரத்தில் இருக்கும்.

பிளிமத்தில் ஒரு அருமையான ஆவணம் உண்டு: 1627 மே 22 தேதியிட்ட மாடு பிரிப்புப் பட்டியல். அதுவரை மாடுகள் எல்லோருக்கும் பொதுச் சொத்து. அன்றைக்கு ஊரிலிருந்த அனைவரையும் பதின்மூன்று பேர் கொண்ட பன்னிரண்டு பங்காகப் பிரித்து, பங்குக்கு இன்ன மாடு, இன்ன ஆடு என்று எழுதினார்கள். கைக்குழந்தைக்கும் பங்கு உண்டு என்பதால் பிள்ளைகள் பெயரும் வந்துவிட்டது. முதல் பங்கு பிரான்சிஸ் குக் கூட்டத்துக்கு. அவர், மனைவி ஹெஸ்டர், பிள்ளைகள் ஜான், ஜேக்கப், ஜேன், ஹெஸ்டர், மேரி, அவர்களோடு வேறு ஆறு பேர். இவர்களுக்கு விழுந்தது, ஜேக்கப் என்ற கப்பலில் வந்த நான்கு கறுப்புக் கிடேரிகளில் மிகச் சிறியதும், இரண்டு பெண் ஆடுகளும். அந்த ஆறு பேரில் ஒருவர் பிலிப் டெலனாய். 1621இல் ஃபார்ச்சூன் கப்பலில் வந்த இளைஞர். பிற்காலத்தில் ஜனாதிபதி பிராங்க்ளின் டெலனோ ரூஸ்வெல்ட்டின் பெயர் நடுவில் நிற்கும் டெலனோ இவர் வழி வந்ததுதான். ஒரு கிடேரியைப் பதின்மூன்றாகப் பங்கு போட எழுதிய காகிதம், ஊர் முழுவதற்குமான பெயர்ப் பட்டியலாக நமக்குக் கிடைத்திருக்கிறது.

மேஃப்ளவர் பயணிகள் யார் யார் என்பது நமக்கு எப்படித் தெரியும்?

பிளிமத் ஆளுநர் வில்லியம் பிராட்ஃபோர்ட் தன் கைப்பட எழுதியதால். கப்பல் நிறுவனத்தின் பயணிப் பட்டியல் எதுவும் மிஞ்சவில்லை. முப்பது ஆண்டு கழித்து அவர் உட்கார்ந்து, யார் யாரோடு வந்தார், யார் முதல் குளிர்காலத்தில் இறந்தார், யாருக்கு இப்போது எத்தனை பிள்ளைகள் என்று குடும்பம் குடும்பமாகக் கணக்கு எழுதினார். அந்தக் கையெழுத்துப் பிரதி பின்னாளில் காணாமல் போய், லண்டன் பிஷப்பின் ஃபுல்லம் மாளிகை நூலகத்தில் அகப்பட்டது. 1897இல் மாசசூசெட்ஸுக்குத் திரும்பி வந்தது.

102 பேரில் ஏறக்குறையப் பாதிப் பேர் முதல் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. ஜான் ஹவ்லண்ட் என்ற வேலைக்கார இளைஞர் நடுக்கடலில் புயலில் கப்பலிலிருந்து தூக்கி எறியப்பட்டு, தொங்கிய கயிற்றைப் பிடித்துப் பிழைத்தார். எலிசபெத் டில்லி என்ற பெண் அந்தக் குளிர்காலத்தில் தாயையும் தந்தையையும் இழந்தார். இருவரும் மணந்து பத்துப் பிள்ளைகள் பெற்றார்கள். ரூஸ்வெல்ட்டும் இரண்டு புஷ் ஜனாதிபதிகளும் இவர்கள் வழித்தோன்றல்கள். ஹவ்லண்ட் வேலைக்காரராக வந்தவர் என்பதை மறந்துவிடாதீர்கள். முன்னோர் என்றால் கனவான்களாகத்தான் இருக்க வேண்டும் என்று தேடுகிறவர்கள் இப்படிப்பட்டவர்களைத் தவறவிடுகிறார்கள்.

வர்ஜீனியாக் குடும்பம் என்றால்?

பொறுமை இரட்டிப்பாக வேண்டும். பல மாவட்டங்களின் நீதிமன்ற ஏடுகள், குறிப்பாக 1861–65 அமெரிக்க உள்நாட்டுப் போரில், எரிந்துபோயின. 1865இல் ரிச்மண்ட் நகரத்துக்குப் பாதுகாப்புக்காக அனுப்பி வைத்த ஏடுகளும் அங்கே தீயில் போயின. ஜேம்ஸ் சிட்டி மாவட்டத்தின் பழைய ஏடுகள் அப்படித்தான் அழிந்தன.

மிஞ்சியதில் பொக்கிஷம் 1625 தொடக்கத்தில் எடுத்த குடிமக்கள் கணக்கு. அன்றைக்கு உயிரோடு இருந்த சுமார் 1,200 பேரை வீடு வீடாக எழுதி, பலருக்கு வயது, வந்த கப்பல், வந்த ஆண்டு, வீட்டிலிருந்த தானியம், துப்பாக்கி, ஆடு மாடு வரை குறித்திருக்கிறார்கள். அடுத்தது நிலப் பட்டாக்கள். ஒரு ஆளைக் கப்பல் செலவு கொடுத்து அழைத்து வந்தால் 50 ஏக்கர் என்பது அங்கே விதி. பட்டா வாங்கியவர் தான் அழைத்து வந்தவர்களின் பெயர்களை அடியில் எழுதுவார். ஆனால் இந்த உரிமையை வாங்கி விற்றார்கள், ஒரே பெயரை இரண்டு பட்டாவிலும் காட்டினார்கள். பட்டாவின் தேதியை ஆள் வந்த தேதியாக எடுத்துக்கொண்டால் கணக்குத் தப்பும்.

ஒப்பந்தக் கூலியாக வந்தவர் என்று தெரிந்தால் பிரிஸ்டல் நகரத்து ஏட்டைப் பாருங்கள். 1654 முதல் 1686 வரை அங்கிருந்து கடல் கடந்து அனுப்பப்பட்ட பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கூலிகளின் பெயர்கள் அதில் உண்டு.

ஒரே நிகழ்வுக்கு இரண்டு வருஷம் போட்டிருக்கிறதே, எது சரி?

இரண்டும் சரி. 1752 வரை இங்கிலாந்திலும் அதன் குடியேற்றங்களிலும் புத்தாண்டு மார்ச் 25 அன்றுதான் பிறந்தது. ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையான நாட்களை 1687/88 என்று இரட்டையாக எழுதும் வழக்கம் அதனால் வந்தது. பியூரிட்டன்கள் மாதப் பெயர்களையும் தவிர்த்து எண்ணால் எழுதினார்கள். மார்ச் முதல் மாதம். எனவே ஊர் ஏட்டில் "12ஆம் மாதம் 4ஆம் நாள், 1643" என்றிருந்தால் அது டிசம்பர் இல்லை. நம் கணக்கில் 1644 பிப்ரவரி 4. தம்பதிக்குத் திருமணத்துக்கு முன்பே குழந்தை பிறந்ததாகக் காட்டும் பல வம்சாவளிகளில் நடந்தது இந்தக் குழப்பம்தான். 1752 செப்டம்பரில் நாட்காட்டியைத் திருத்தியபோது 2ஆம் தேதிக்கு அடுத்த நாள் 14ஆம் தேதியானது. ஏட்டில் உள்ளதை உள்ளபடியே எழுதிக்கொண்டு, மாற்றிய தேதியைப் பக்கத்தில் தனியாகக் குறியுங்கள்.

உறவுமுறைகளை நம்பலாமா?

அன்றைய பழக்கத்தில் படித்தால் நம்பலாம். ஒரே ஊரில் "சீனியர்", "ஜூனியர்" என்று இருவர் இருந்தால் தகப்பன் மகன் என்று அர்த்தமில்லை. ஒரே பெயருள்ள இருவரில் மூத்தவர், இளையவர், அவ்வளவுதான். சித்தப்பாவாகவோ சம்பந்தமே இல்லாதவராகவோ இருக்கலாம். மூத்தவர் இறந்ததும் இளையவரே சீனியராகிவிடுவார். "மருமகன்" என்று எழுதியது மனைவியின் முதல் கணவனுக்குப் பிறந்த மகனைக் குறிக்கலாம். அண்ணன் மகனை "கசின்" என்று எழுதியிருப்பார்கள். முறைப்பெயர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உள்ள நமக்கு இது விசித்திரமாகத் தோன்றும், ஆனால் கவனித்தே ஆக வேண்டும்.

பெண்களின் பிறந்த வீட்டுப் பெயரே கிடைப்பதில்லையே?

பெரும்பாலான கொடிகள் அங்கேதான் அறுந்து நிற்கின்றன. "ஜானின் மனைவி மேரி" என்பதோடு ஏடு முடிந்துவிடும். அவளைத் தேட அவள் தகப்பன் உயிலுக்குப் போக வேண்டும்: "என் மகள் மேரிக்கு, அவள் கணவன் ஜான் மூலம்" என்று பசுவோ மெத்தையோ கொடுத்திருப்பார். நிலம் விற்கும்போது மனைவி தன் உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட வேண்டும் என்பதால் கிரயப் பத்திரத்திலும் பெயர் வரும். பிள்ளைகளின் பெயர்களும் துப்புக் கொடுக்கும், குறிப்பாகக் குடும்பப் பெயர் போல ஒலிக்கும் முதல் பெயர். ஆனால் துப்பு வேறு, ஆதாரம் வேறு. பிறந்த வீடு தெரியாத பெண்ணை அப்படியே வெறும் முதல் பெயரோடு விட்டு வையுங்கள். யாரோ ஒரு மேரியைக் கொண்டு வந்து அந்த இடத்தில் உட்கார்த்தினால் அவளுக்கு மேலே உள்ள எல்லோருமே அந்நியர்கள்.

இணையத்தில் ஏற்கனவே யாரோ போட்டு வைத்த வம்சாவளி கிடைத்தது. எடுத்துக்கொள்ளலாமா?

எந்த ஏட்டில் தேடலாம் என்று அறிய மட்டும். நூறு பேர் ஒரே தகவலைப் போட்டிருக்கிறார்கள் என்றால் அது ஒருவர் எழுதியதைத் தொண்ணூற்றொன்பது பேர் நகல் எடுத்தது. அச்சில் வந்த பழைய குடும்ப வரலாறுகளும் அப்படித்தான். குஸ்டாவ் அஞ்சூ என்பவர் (1863–1942) பணக்கார அமெரிக்கக் குடும்பங்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு பொய் வம்சாவளிகள் தயாரித்துக் கொடுத்தார். இல்லாத உயில்களை மேற்கோள் காட்டினார். அவை இன்னும் நூலகங்களிலும் இணையத்திலும் உலவுகின்றன.

"மூன்று சகோதரர்கள் கப்பலில் வந்தார்கள், ஒருவர் வடக்கே, ஒருவர் தெற்கே, ஒருவர் மேற்கே போனார்கள்" என்ற கதை வந்தால் உஷாராகிவிடுங்கள். குடும்பச் சின்னம் விற்பவர்களிடமும் காசு கொடுக்காதீர்கள். ஆங்கிலேய மரபில் அந்தச் சின்னம் தனிமனிதருக்கும் அவர் நேர் வாரிசுக்கும் உரியது, ஒரே குடும்பப் பெயர் உள்ள எல்லோருக்கும் அல்ல.

டிஎன்ஏ சோதனை எடுத்தால் மேஃப்ளவர் வம்சம் தெரிந்துவிடுமா?

தெரியாது. சாதாரணச் சோதனை பார்க்கும் டிஎன்ஏ தலைமுறைக்குத் தலைமுறை பாதியாகிறது. பன்னிரண்டாவது தலைமுறை முன்னோர் ஒருவரின் பங்கு சராசரியாக 4,096இல் ஒன்று. பலரிடமிருந்து ஒரு துளிகூட வந்து சேர்ந்திருக்காது. ஆனாலும் அவர் முன்னோர்தான். இந்தச் சோதனை 1800களின் முடிச்சை அவிழ்க்க உதவும்: ஒஹாயோ தாத்தாவின் உறவினர் என்று நீங்கள் சந்தேகிக்கும் மாசசூசெட்ஸ் குடும்பத்தின் இன்றைய வாரிசுகளோடு பொருத்தம் வருகிறதா என்று பார்க்கலாம். தகப்பன்–மகன்–பேரன் என நேராக இறங்கும் ஒய் குரோமோசோம் சோதனை பல நூற்றாண்டு தாண்டியும் பேசும். அதை அந்த ஆண்வழி வந்த ஆண்கள்தான் எடுக்க முடியும்.

மேஃப்ளவர் வழித்தோன்றல்கள் சங்கத்தில் சேர என்ன வேண்டும்?

அந்தச் சங்கம் 1897இல் தொடங்கியது. விண்ணப்பிப்பவரிலிருந்து பயணி வரை ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறப்பு, திருமணம், இறப்பு ஆதாரம் கேட்பார்கள். முதல் ஐந்து தலைமுறைகளை அவர்களே ஆராய்ந்து, வெள்ளி நிற அட்டை போட்ட தொகுதிகளாக வெளியிட்டிருக்கிறார்கள். உங்கள் கொடி அதில் வரும் ஒருவரைத் தொட்டால் போதும். ரத்த வழி மட்டுமே ஏற்பார்கள். உறுப்பினராகும் எண்ணம் இல்லாவிட்டாலும் அவர்கள் கேட்கும் தரத்தில் உங்கள் கோப்பைத் தயாரியுங்கள் என்பதே என் யோசனை. வர்ஜீனியாவுக்கு இதே போல ஜேம்ஸ்டவுன் சங்கம் இருக்கிறது.

ஆப்பிரிக்க அமெரிக்கக் குடும்பங்களுக்கும் இப்படிப்பட்ட குடியேறி முன்னோர் இருப்பார்களா?

பலருக்கு இருக்கிறார்கள். ஏட்டில் இருக்க மாட்டார்கள். 1662இல் வர்ஜீனியா ஒரு சட்டம் போட்டது: பிள்ளை அடிமையா சுதந்திரரா என்பது தாயின் நிலையைப் பொறுத்தது. எஜமானன் அடிமைப் பெண்ணிடம் பெற்ற பிள்ளை அடிமையாகவே பிறந்தது, தகப்பன் பெயர் எழுதப்படவில்லை. அடிமைகளாக இருந்தவர்கள் கணக்கெடுப்பில் பெயரோடு வந்தது 1870இல்தான். 1850, 1860 அடிமைக் கணக்கில் எஜமானன் பெயருக்குக் கீழே வயதும் பாலினமும் நிறமும் மட்டும் இருக்கும். இங்கே தேட வேண்டியது எஜமானர் குடும்பத்தின் உயில்களையும் சொத்துப் பட்டியல்களையும்தான். மாட்டுக்கும் கட்டிலுக்கும் நடுவில் மனிதர்களின் பெயரும் விலையும் எழுதியிருக்கும். டிஎன்ஏ சோதனை உண்மையிலேயே பெரிதாக உதவுவது இங்கேதான்.

உங்கள் பக்கத்துக் குடியேறி அடிமைகளை வைத்திருந்தவர் என்று தெரிந்தால், அந்தப் பட்டியலில் உள்ள பெயர்களை முழுமையாக எடுத்து எழுதிப் பொதுவில் வையுங்கள். வேறொரு குடும்பம் பல ஆண்டாகத் தேடும் பெயர் அதில் இருக்கலாம்.

அந்த மண்ணின் பூர்வகுடிகள்?

பிளிமத் வெறும் காடாக இருந்த இடமில்லை. அது வாம்பனோவாக் மக்களின் பட்டுக்செட் என்ற ஊர். 1616–19 கொள்ளைநோயில் ஊரே அழிந்திருந்தது. குடியேறிகளோடு நடந்த 1675–76 போருக்குப் பிறகு பிடிபட்ட பூர்வகுடிகள் பலரைக் கரீபியன் தீவுகளுக்கு அடிமைகளாக விற்றார்கள். வாம்பனோவாக் மக்களின் சந்ததியினர் இன்றும் மாசசூசெட்ஸின் மாஷ்பீயிலும் அக்குவின்னாவிலும் வாழ்கிறார்கள்.

வர்ஜீனியாப் பூர்வகுடித் தலைவரின் மகள் போகஹான்டஸ் எங்கள் பாட்டி என்று சொல்பவர்கள் ஏராளம். அவர் 1614இல் ஜான் ரால்ஃபை மணந்தார், 1617இல் இங்கிலாந்தில் இறந்தார். ஒரே மகன் தாமஸ். ஆவணமுள்ள வழி, தாமஸின் மகள் ஜேன் ராபர்ட் போலிங்கை மணந்த வழிதான். உங்கள் கொடி போலிங் குடும்பத்தைத் தொடவில்லையென்றால் அந்த உரிமைகோரலை ஓரமாக வையுங்கள்.

இங்கிலாந்தில் எந்தக் கிராமம் என்று கண்டுபிடிக்க முடியுமா?

சிலருக்கு முடியும். இங்கிலாந்தில் 1538 முதல் பங்கு ஆலய ஏடுகள் உண்டு, உயில்களில் பல லண்டன் கியூவில் உள்ள தேசியக் காப்பகத்தில் இருக்கின்றன. அங்கே இருந்துவிட்ட அண்ணன் உயிலில் "நியூ இங்கிலாந்தில் உள்ள என் தம்பிக்கு" என்று ஒரு வரி எழுதியிருந்தால் அதைவிட உறுதியான சான்று இல்லை. பெயர் ஒத்துப்போகும் ஒரு ஞானஸ்நானப் பதிவு மட்டும் போதாது. அந்தக் குழந்தை ஐந்து வயதில் அதே ஊரில் அடக்கமாகியிருக்கிறதா என்று ஏட்டைப் புரட்டிப் பாருங்கள்.

நிறையச் செலவாகுமா?

தொடங்கச் செலவே இல்லை. சால்ட் லேக் சிட்டியில் உள்ள ஃபேமிலிசர்ச் இலவசம். கிரயப் பத்திரங்கள், உயில்கள், ஊர் ஏடுகள் எல்லாம் படங்களாக இருக்கின்றன. ஆன்செஸ்ட்ரி தளத்துக்குச் சந்தா வேண்டும், ஆனால் பல அமெரிக்கப் பொது நூலகங்களில் உட்கார்ந்து இலவசமாகப் பார்க்கலாம். நியூ இங்கிலாந்து என்று உறுதியான பிறகு, 1845இல் பாஸ்டனில் தொடங்கிய நியூ இங்கிலாந்து வரலாற்று வம்சாவளிச் சங்கத்துக்குச் சந்தா கட்டுவது வீண்போகாது.

இந்தக் குடியேறிகளுக்கும் நம் பக்கத்துக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. 1635இல் வர்ஜீனியாவில் ஜார்ஜ் மெனஃபி என்பவரின் நில உரிமைப் பட்டியலில் "டோனி, கிழக்கிந்தியர்" என்று ஒரு பெயர் இருக்கிறது. ஊர் இல்லை, தாய் தந்தை வைத்த பெயரும் இல்லை. ஐம்பது ஏக்கருக்கான ஒரு தலை.

இன்னொரு திசையில், 1649இல் பாஸ்டனில் பிறந்த எலிஹு யேல். சிறு குழந்தையாக இருக்கும்போதே குடும்பத்தோடு இங்கிலாந்து திரும்பி, பின்பு கிழக்கிந்தியக் கம்பெனி வேலையில் சென்னைக்கு வந்து, 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தார். கோட்டைக்குள் உள்ள புனித மேரி தேவாலயத்தின் திருமண ஏட்டில் முதல் பதிவே அவருடையது, 1680 நவம்பர் 4. சிறு வயதில் இறந்த மகன் டேவிட்டின் கல்லறை, இன்று சென்னை உயர் நீதிமன்றத்தை ஒட்டியிருக்கும் வளாகத்தில் கட்டப்பட்டது. ஆண் வாரிசு இல்லை. வம்சம் மகள்கள் வழியாக இங்கிலாந்தில் தொடர்ந்தது. அதனால் அமெரிக்காவில் யேல் என்ற குடும்பப் பெயர் உள்ளவர்கள் ஆளுநரின் சந்ததி என்று சொல்லிக்கொண்டால் அது பிசகு. அவர்களுடைய கொடி, அமெரிக்காவில் கனெக்டிகட்டின் நியூ ஹேவனிலேயே தங்கிவிட்ட அவருடைய சித்தப்பா தாமஸ் யேல் வழி வருவது.

உங்கள் தேடல் அமெரிக்காவை விட்டு இப்படிச் சென்னைப் பட்டணத்துக் கம்பெனிக் குடும்பம் ஒன்றில் வந்து நின்றால், பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள இந்தியா அலுவலக ஏடுகளில் என்/2 என்ற வரிசையைக் கேளுங்கள். சென்னை மாகாணத் தேவாலயங்களின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பதிவுகளின் நகல்கள் அதில்தான் இருக்கின்றன.